முதலில் சாப்பிடுங்கள்

எண்ணெயில் விட்ட முதல் உருண்டை அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. பிராகோ கரண்டியைப் பிடித்தபடி அதையே பார்த்தாள். காராமணி நன்றாகத்தான் ஊறியிருந்தது, ஒரு தோல் விடாமல் தேய்த்துக் கழுவியிருந்தாள், வெங்காயமும் மிளகாயும் சேர்த்து அரைத்த மாவைத் தோள் வலிக்கும்வரை அடித்து நுரைக்க வைத்திருந்தாள், எல்லாம் சரியாகச் செய்தும் அது மேலே வரவில்லை. எண்ணெய் காயவில்லை, அவ்வளவுதான், எண்ணெய் காயாததற்கெல்லாம் ஒரு அர்த்தம் உண்டா என்ன. அடுப்பைத் தூண்டிவிட்டாள். பாலைவனத்திலிருந்து வரும் காற்று குமாசி நகரத்தின் மேல் புழுதியைக் கொட்டிக்கொண்டிருந்தது. மாமா வீட்டுப் பின்கட்டில் கவிழ்த்து வைத்த பாத்திரங்களின் மேலெல்லாம் மாவு தூவியது போல ஒரு படலம். உதடு வெடித்திருந்தது, நாக்கால் தொட்டால் உப்புக் கரித்தது. மாமா, அதாவது அவள் அம்மாவின் தம்பி வோஃபா ஒடுரோ, வியாழக்கிழமை மாலை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார், "போவாடி வீட்டுலேருந்து சனிக்கிழமை காலையில வர்றாங்க. சாப்பாட்டுக்கு நீயே எல்லாம் பார்த்துக்கோ பிராகோ." போவாடி அவள் கணவன். ஜெர்மனியில் இருக்கிறான். வருவது அவனல்ல, அவனுடைய தாய்மாமனும் அக்காவும். எதற்கு வருகிறார்கள் என்று அவள் கேட்டிருக்கலாம். வோஃபா செருப்பின் வாரைக் கழற்ற அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டிருக்காவிட்டால் கேட்டிருப்பாள். குனிந்த தலை நிமிரவே இல்லை, ஒரு செருப்பு வாரில் அப்படி என்ன சிக்கல், அவள் நின்று பார்த்துவிட்டுக் காராமணி வாங்கப் போய்விட்டாள். சும்மா பார்த்துவிட்டுப் போக வருகிறார்களாக இருக்கும். மாமியார் இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, அதற்கான காரியத்தைப் பற்றிப் பேச வரலாம். அல்லது அவனுக்கு அங்கே விசா தாள்கள் எல்லாம் சரியாகி, அவளை அனுப்பிவைக்கச் சொல்லியிருக்கலாம். வரலாம், இருக்கலாம், சொல்லியிருக்கலாம், ஒவ்வொன்றையும் எடுத்து எடுத்து வைத்தாள், எதுவும் நிற்கவில்லை. உருண்டை மெல்ல அசைந்து மேலே வந்தது. ஒரு பக்கம் கறுத்திருந்தது. எடுத்துத் தனியே போட்டாள்.

இரண்டாவது ஈடு நன்றாக வந்தது. வடை போலவே பொன்னிறம், ஆனால் நடுவில் ஓட்டை இல்லாமல் புசுபுசுவென்று ஊதி, தானே புரண்டு படுத்துக்கொள்ளும். இந்தக் கோசேயை அவள் சுன்யானி ஊரில், போவாடியின் வீட்டில்தான் கற்றுக்கொண்டாள். பக்கத்துத் தெரு ஹௌசா இனப் பெண்ணொருத்தி சொல்லிக்கொடுத்தாள், கோகோ கஞ்சியும் அவளிடம்தான். கம்பை ஊறவைத்து, இஞ்சியும் கிராம்பும் காய்ந்த மிளகாயும் போட்டு அரைத்து, வடிகட்டிப் புளிக்க வைத்து, தெளிந்த நீரைக் கொதிக்கவிட்டு, அடியில் தங்கிய மாவை அதில் கரைத்துக் கிளற வேண்டும். கிளறும்போது மனசு வேறெங்கும் போகக்கூடாது, போனால் கட்டி தட்டிவிடும். மாமியாருக்குக் கட்டி ஆகாது. தொண்டையில் சிக்கும். கடைசி வருஷங்களில் அந்த அம்மாளுக்கு வேறெதுவும் இறங்கவில்லை, விடிந்ததும் ஒரு கிண்ணம் கோகோ, அதையும் கரண்டி கரண்டியாக, ஒரு கரண்டிக்கும் அடுத்த கரண்டிக்கும் நடுவே தாடையின் கீழ் தடவிக்கொடுக்க வேண்டும், கன்றுக்குட்டிக்குத் தடவுவது போல. மகள் டுஃபி, போவாடியின் அக்கா, ஊட்டினால் துப்பிவிடுவாள். டுஃபி அழுவாள். "உன் கையில என்னதான் இருக்கு பிராகோ, எனக்கும் சொல்லிக்கொடேன்" என்று சிரித்துக்கொண்டே அழுவாள். இருந்த ஒரு மகன் அங்கே ஹாம்பர்க்கில், இங்கே இந்த இரண்டு பெண்களும் ஒரு கிண்ணமும். அம்மாளுக்கு ஆள் அடையாளம் போய்விட்டது, ஒருநாள் கரண்டி வாயருகே வந்தபோது பிராகோவைப் பார்த்து "அம்மா" என்றாள். பிராகோவுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளை அப்படிக் கூப்பிட்ட ஒரே வாய் அதுதான், அதுவும் பல் இல்லாத வாய். இறுதிச் சடங்குக்குப் போவாடி வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றான், யாரோ செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், அவன் சின்னத் திரையில் அழுதான், படம் நின்று நின்று வந்தது, அழுத முகம் அப்படியே உறைந்து நிற்க, குரல் மட்டும் பின்னால் ஓடிவந்தது. அதற்கப்புறம் கொஞ்ச நாளில் டுஃபி சொன்னாள், "ரொம்ப உழைச்சுட்ட. உன் மாமா வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் ஓய்வெடு." ஓய்வெடு. ஒரு பெட்டியும் ஒரு பையும். கொஞ்ச நாள். ஓய்வெடு. அந்தச் சொல்லை அவள் எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்திருப்பாள், அன்பாக, அதட்டலாக, களைப்பாக, ஒருமுறை டுஃபியின் குரலிலேயே உரக்கச் சொல்லிப் பார்த்தபோது வோஃபாவின் மனைவி என்னவென்று எட்டிப்பார்த்தாள். எப்படிச் சொன்னாலும் அதற்குள் ஒரு கதவு சாத்தும் சத்தம் இருந்தது. கிண்ணம் காலியானதும் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டார்கள், வேறென்ன. சீ, அப்படி நினைக்கக்கூடாது, டுஃபி அப்படிப்பட்டவளல்ல. கஞ்சி! பதறித் திரும்பிக் கிளறினாள். இல்லை, கட்டி தட்டவில்லை.

கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது, முதலில் ஒன்று, பிறகு ஒன்று. இரண்டு பேர்தான். மூன்றாவது சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது அவளுக்கே வெட்கமாக இருந்தது, ஹாம்பர்க்கிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்குகிறவனா அவன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தண்ணீர்த் தட்டோடு முன்னறைக்குப் போனாள். வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர், பிறகுதான் வந்த செய்தியைக் கேட்க வேண்டும், அவர்கள் வழக்கம் அது. தண்ணீர் குடித்துக் கீழே வைத்த டம்ளரின் சத்தம் அடங்கியதும் வீட்டுக்காரர் கேட்பார், வந்தவர் சொல்வார். நானா அன்சா சோபாவில் இருந்தார், போவாடியின் தாய்மாமன், வயதுக்காக எல்லாரும் நானா என்றுதான் அழைப்பார்கள். மெலிந்துபோயிருந்தார். பக்கத்தில் டுஃபி கறுப்புத் துணி உடுத்தியிருந்தாள். அம்மாவுக்காக ஒரு வருஷம் உடுத்துகிற கறுப்புதானே, பிராகோவும்தான் கறுப்பு உடுத்தியிருக்கிறாள், அதில் என்ன. "எப்படி இருக்க பிராகோ" என்றாள் டுஃபி, பிராகோவின் காதுக்கு அருகே எதையோ பார்த்துக்கொண்டு. "இருக்கேன் சிஸ்டர்." டம்ளரைக் கொடுக்கும்போது இருவர் விரலும் பட்டன, டுஃபியின் விரல் சில்லென்றிருந்தது, காற்றில் வந்தவளுக்கு இராதா பின்னே. நானாவின் காலடியில் ஒரு துணிப்பை. உள்ளே நீளமாக ஏதோ அட்டைப்பெட்டி. பார்க்காதே, பிராகோ பார்க்கவில்லை, பார்க்காமலே அது மதுப்புட்டியின் பெட்டி என்று தெரிந்தது, பெண் கேட்டு வந்தபோதும் இதே நீளம், இதே பெட்டி. நல்ல செய்திக்கும் மதுதான் கொண்டுவருவார்கள், கெட்ட செய்திக்கும் மதுதான். நானா தொண்டையைச் செருமினார். "ஒடுரோ, நாங்க வந்த காரியம்..." வோஃபா கையைத் தூக்கினார், சற்று அவசரமாகவே. "நானா, இருட்டோட புறப்பட்டிருப்பீங்க. முதல்ல சாப்பிடுங்க. செய்தி எங்கயும் ஓடிப்போயிடாது." அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, வோஃபாவுக்குச் செய்தி முன்பே தெரியும். தெரியாதவர் கேட்டிருப்பார். தெரிந்தவர்தான் தள்ளிப்போடுவார். அவர் அவள் பக்கம் திரும்பாமல், "கொண்டு வாம்மா" என்றார். அந்த 'அம்மா' எங்கிருந்து வந்தது, வோஃபா அவளை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

சாப்பிடுகிறவர்களிடம் செய்தி கேட்கமாட்டார்கள். இதைப் பிடித்துக்கொண்டாள். வாயில் கஞ்சி இருக்கும்வரை அந்த வாயிலிருந்து வேறெதுவும் வராது; வோஃபா ஏன் அப்படிச் செய்தார் என்று இப்போது கேள்வியில்லை, அவர் அவளுக்குக் கொடுக்க முடிந்தது இந்தக் கொஞ்ச நேரம்தான் போலிருக்கிறது, கொடுத்துவிட்டார். கோகோவை மூன்று சுரைக்குடுக்கைக் கிண்ணங்களில் ஊற்றினாள், சர்க்கரை, டின் பால், தட்டு நிறையக் கோசே. ஆவி பறந்தது. நானா கோசேயைப் பிய்த்துக் கஞ்சியில் தோய்த்து வாயில் போட்டார், கண்ணை மூடினார், மூக்கு நுனியில் வியர்த்தது. "பிள்ள, இந்தக் காரம்! சுன்யானியில இப்ப எவ கையிலயும் இது இல்ல." சொன்னவர் சொல்லக்கூடாததைச் சொன்னவர் போல நிறுத்திக்கொண்டு மறுபடி குனிந்தார். வோஃபாவும் சாப்பிட்டார். டுஃபி சாப்பிடவில்லை. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள், குளிர்காய்கிறவள் மாதிரி. பசியில்லாமல் இருக்கலாம். கார்ப் பயணம் அவளுக்கு ஆகாது, எலுமிச்சை முகர்ந்துகொண்டே வருவாள், வயிறு புரட்டியிருக்கும். இந்த டுஃபிதான் சுன்யானியில் காலையில் பல் விளக்குமுன் அடுப்படிக்கு வந்து சூட்டோடு சூடாக ஒன்றைத் திருடி, இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றி மாற்றி ஊதிக்கொண்டு ஓடுவாள், நாற்பது வயதுப் பெண்பிள்ளை. ஒரு வாய் குடித்தால் போதும், ஒரே ஒரு வாய். அவள் சாப்பிட்டால் இது வேறு செய்தி. உறவை அறுத்துக்கொள்ள வந்த வீட்டில் யாரும் சாப்பிடமாட்டார்கள். நானா சாப்பிடுகிறாரே என்றால் நானா கிழவர், பசி, அவர் கணக்கில் இல்லை. டுஃபி குடித்தால் இல்லை, டுஃபி குடிக்காவிட்டால் ஆம், பிராகோ வாசற்படியோரம் நின்று அந்தக் கிண்ணத்தின் மேல் ஆடை படிவதைப் பார்த்தாள். ஆடை நடுவிலிருந்து விளிம்புக்குப் போய் ஒட்டிக்கொண்டது. "ஆறிடுச்சே, வேற ஊத்தட்டுமா சிஸ்டர்?" "வேணாம், இருக்கட்டும்." இருக்கட்டும். கல்யாணத்தன்று மதுப்புட்டியை நடுவில் வைத்து அவளைக் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டார்கள், "இந்த மதுவை நாங்க குடிக்கலாமா? குடிச்சப்புறம் எங்களைத் தலைகுனிய வைக்கமாட்டியே?" மூன்று முறை கேட்பார்கள், அது முறை. முதல் தடவை சரி என்றாள், இரண்டாவது தடவை சரி என்றாள், மூன்றாவது தடவை எதிரே போவாடி கண்ணை உருட்டிப் பயந்தவன் போல நடித்தானா, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள், அம்மா அதட்டினாள், வாயைத் திறந்து சொல்லுடீ. சொன்னாளா? சொல்லித்தான் இருப்பாள். இல்லாவிட்டால் எப்படிக் குடித்திருப்பார்கள். ஆனால் சொன்ன நினைவு இல்லை, சிரித்ததுதான் நினைவிருக்கிறது.

நானாவின் கிண்ணம் அடிதட்டும் சத்தம் கேட்டதும் அவள் ஓடினாள். பெருவள்ளிக்கிழங்கு வெந்து தயாராக இருந்தது, அதை அடுக்கி, மேலே சேம்பிலைக் குழம்பை ஊற்றினாள், பனை எண்ணெய் சிவப்பாக மிதந்தது, கருவாட்டுத் துண்டுகளில் பெரியதாகப் பார்த்து நானாவின் தட்டில் வைத்தாள். அதற்குப் பிறகு அவித்த முட்டை. அதற்குப் பிறகு ரொட்டி, தேநீர். இன்னும் என்ன இருக்கிறது, நிலக்கடலை இருக்கிறது, வாழைப்பழம் இருக்கிறது, தேநீருக்கு அப்புறம் இன்னொரு தேநீர் கொடுக்கலாம், மதியம் ஆகிவிடும், மதியச் சாப்பாட்டை ஆரம்பித்துவிடலாம், ஒரு சாப்பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு இப்படியே கொண்டுபோய்விட்டால், மனிதர்கள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தால், யாரும் எதுவும் சொல்லாமலே பொழுது சாய்ந்துவிடாதா. முட்டையை உரித்தாள். ஓடு சதையோடு பிய்ந்து வந்தது, அந்தச் சதையைத் தன் வாயில் போட்டுக்கொள்ளப் போனவள் வேண்டாமென்று வைத்தாள். "போதும்மா, போதும், வயசான வயிறு" என்று நானா கையால் தட்டை மறைத்தார். "இன்னும் ஒரு துண்டு நானா, சின்னது." "பிராகோ, அவருக்குப் போதுமாம்" என்றார் வோஃபா. அப்போது டுஃபி கையை நீட்டினாள். தட்டில் மிச்சமிருந்த கோசேயில் ஒன்றை எடுத்தாள். டுஃபி கடித்தாள், மெல்ல மென்றாள், முழுசாக ஒன்றைத் தின்றாள், பிறகு இன்னொன்று, அவசர அவசரமாக, வாய் கொள்ளாமல், கன்னம் உப்ப. சாப்பிடுகிறாள். சாப்பிட்டுவிட்டாள். அப்படியானால் இது வேறு, வேறு செய்திதான், மாமியாரின் காரியம்தான், தாள்கள்தான், ஏதோ ஒன்று, இவ்வளவு நேரம் வீணாகப் பயந்து, முட்டாள், மடச்சி, நெஞ்சுக்குள் எதுவோ இளகி ஓடியது, கஞ்சி இன்னும் சூடாக இருக்கிறது, ஊற்றிக் கொண்டுவருகிறேன் சிஸ்டர் என்று சொல்ல வாயெடுத்தாள். டுஃபி நிமிர்ந்து அன்றைக்கு முதல்முறையாக அவள் கண்ணைப் பார்த்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, வாயில் இன்னும் கோசே இருந்தது. "இனிமே உன் கையால சாப்பிட முடியாதுன்னு தோணுச்சு பிராகோ," என்றாள், "அதான்."

அதற்குப் பிறகு எல்லாம் சீக்கிரமாக நடந்தது, சீக்கிரமாக என்றால் அவளுக்கு அப்படி. தட்டுகளை எடுத்தாள், அவளேதான் எடுத்தாள். வோஃபா இப்போது கேட்டார், வந்த செய்தி என்ன என்று, முறையான சொற்களில். நானா சொன்னார், அவரும் முறையான சொற்களில், மரியாதையாக, ஒரு குறையும் சொல்லாமல். பெண்ணிடம் எந்தத் தப்பும் இல்லை என்றார், எங்கள் அக்காவைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள் என்றார், தூரமும் வருஷமும் சேர்ந்து செய்த வேலை இது என்றார், பையன் அங்கே ஒரு வாழ்க்கையை ஏற்படுத்திக்கொண்டுவிட்டான் என்றார். வாழ்க்கையை ஏற்படுத்திக்கொண்டான். பிராகோ அந்தச் சொற்றொடரில் நின்றுவிட்டாள், மற்றவை அவளைத் தாண்டிப் போயின. எதை வைத்து ஏற்படுத்துவார்கள், செங்கல் வைத்தா. தப்பு இல்லையாம். தப்பு ஏதாவது சொல்லியிருந்தால் இல்லையென்று சண்டை பிடித்திருக்கலாம், கத்தியிருக்கலாம், இவ்வளவு நல்லவளாக இருப்பவளுக்குப் பேச ஒரு சொல்லும் மிச்சம் வைக்கவில்லை அவர்கள். வோஃபா மதுப்பெட்டியை வாங்கி மேசையில் வைத்தார். "பெரியவங்க வந்து சொல்றப்ப நாங்க என்ன சொல்ல முடியும். ஏத்துக்கறோம்" என்றார். ஏத்துக்கறோம். அவளிடம் யாரும் கேட்கவில்லை, மூன்று முறை வேண்டாம், ஒரு முறை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பாள். நானா துணிப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார், வெள்ளைக் களிமண் பொடி, கல்யாணக் கட்டு அவிழ்ந்தது என்று பெண்ணின் தோளில் பூசுகிற பொடி. டுஃபியிடம் நீட்டினார். டுஃபி மாட்டேன் என்று தலையசைத்தாள். கிழவர் தாமே எழுந்து தள்ளாடி வந்தார். பிராகோ தோளை அவர் கைக்கு எட்டும்படி சற்றுத் தாழ்த்திக்கொடுத்தாள், கிழவருக்குச் சிரமம் வேண்டாமென்று. பொடி கறுப்புத் துணியில் பட்டது. "உன் பாதை உனக்குத் திறந்திருக்கும்மா" என்றார் நானா. விரல் சுட்டது போலிருந்தது. சுடவில்லை, ஜில்லென்று இருந்தது, எது எதுவென்று தெரியவில்லை. துணியில் கைத்தடம், நாலு விரல், அதைத் தட்டிவிடலாமா, எப்போது தட்டலாம், வழக்கத்தில் அதற்கு ஏதாவது இருக்கிறதா, யாரைக் கேட்பது.

வெளியே வெயில் வந்திருந்தது, வெயில் என்றுகூடச் சொல்ல முடியாது, புழுதிக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தட்டு. டுஃபி முன்னாலேயே போய்க் காருக்குள் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். நானா படியிறங்க வோஃபா ஒரு கையும் பிராகோ ஒரு கையும் பிடித்தார்கள், பிடிக்காமல் எப்படி இருப்பது, விழுந்துவிடுவார். கார் கதவருகே வந்ததும் அவள் கேட்டுவிட்டாள். கேட்க நினைக்கவில்லை, வாயில் அது எப்போதிருந்து இருந்ததோ, தானே வந்துவிட்டது. "அவரு நல்லா இருக்காரா நானா?" கிழவர் நின்றார். மேசையைச் சுற்றிப் பேசிய முறையான சொற்கள் எல்லாம் அங்கேயே முடிந்துபோயிருந்தன, இப்போது அவர் வயிறு நிறைந்த ஒரு சாதாரணக் கிழவர், தூரத்துப் பிள்ளையைப் பற்றி ஒரு பெண் கேட்கிறாள், முகம் மலர்ந்துவிட்டது. "நல்லா இருக்கான்மா. போன வாரம் போன்ல முகத்தைப் பார்த்தேன். நல்லா சதை போட்டிருக்கான். கன்னமெல்லாம் உப்பி, ஆளே அடையாளம் தெரியல." அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. உண்மையாகவே, அடிவயிற்றிலிருந்து, ஒரு மனைவிக்கு வருகிற மாதிரி. அந்தக் குளிரில் காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடவில்லை, யாரோ எழுந்து அடுப்பைப் பற்றவைக்கிறார்கள், உட்காரவைத்து, சூடாக, போதும் போதும் என்கிறவரை. முகத்தில் சிரிப்பு வந்தது, நானாவும் அதைப் பார்த்துச் சிரித்தார். கார் நகர்ந்து திரும்பி மறைந்தது. சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் அதோடேயே வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.